ஒரே ஒயரில் யார் யார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1975, மார்ச் 22. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டென்னசி ஆற்றங்கரையில் இருக்கும் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். முதல் இரண்டு உலைகளும் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கன்ட்ரோல் ரூமுக்குக் கீழே ஒரு அறை. நிலையத்தின் கேபிள்கள் அங்கே வந்து பிரிந்து போகும். சுவரில் கேபிள் நுழையும் ஓட்டைகள் வழியாகக் காற்று கசிகிறதா என்று ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படிப் பார்ப்பாங்க? மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் கொண்டுபோவாங்க. சுடர் சாய்ந்தால் கசிவு இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு ஒரு ஓட்டையில் சுடர் உள்ளே இழுக்கப்பட்டு, அடைப்புக்கு வைத்திருந்த ஃபோமில் பற்றிக்கொண்டது.

தீ ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதம். கதிர்வீச்சு வெளியே வரவில்லை, உலைகளும் தப்பித்தன. ஆனா முதல் உலையோட அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் கையை விட்டுப் போயிடுச்சு. ஒன்று போனால் இன்னொன்று என்று மாற்று ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. அசலுக்குப் போன கேபிளும் மாற்றுக்குப் போன கேபிளும் சில இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடியதுதான் சிக்கல். வரைபடத்தில் ரெண்டு. தீக்கு அது ஒண்ணுதான்.

31 வருஷம் கழிச்சு, 2006-ல், அதே பிரௌன்ஸ் ஃபெர்ரியில் இன்னொரு சம்பவம். இந்த முறை தீ இல்லை, புகை இல்லை. நம்ம வீட்டு ரவுட்டருக்குப் பின்னாடி செருகியிருக்கோமே, அந்த ஈதர்நெட். அதனால ஒரு அணு உலையை நிறுத்த வேண்டி வந்தது. அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, ஈதர்நெட் தொழிற்சாலைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பார்த்துடலாம். அது தெரிஞ்சா 2006-ல் என்ன நடந்ததுன்னு தன்னால புரிஞ்சிடும்.

கேட்டால் மட்டும் பேசு

1960-களில் ஒரு கார் தொழிற்சாலையின் கன்ட்ரோல் பேனல் என்றால் வரிசை வரிசையாக ரிலேக்கள். புது மாடல் கார் வந்தால் ஒயரிங்கை மொத்தமாகப் பிரித்து மாட்ட வேண்டும். இது சரிப்படாது என்று ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968-ல் ஒரு தேவைப் பட்டியலை வெளியிட்டது. ஒயரை மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றக்கூடிய ஒரு பெட்டி வேண்டும். டிக் மோர்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் கூட்டாளிகளும் அதைச் செய்து கொடுத்தார்கள். பெயர் மோடிகான் 084. அந்த நிறுவனத்தின் 84-ஆவது புராஜெக்ட், அதனால் அந்த எண். இன்னைக்கு நாம பிஎல்சின்னு சொல்றது அந்த வம்சம்தான்.

பெட்டிகள் பெருகியதும் அவை ஒன்றோடொன்று பேச வேண்டி வந்தது. 1979-ல் மோடிகான் நிறுவனமே மோட்பஸ் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதன் ஒழுங்கு ரொம்ப எளிமை: ஒருத்தர் கேட்பார், மற்றவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள். பழைய கால வகுப்பறை மாதிரி. மெதுவாகத்தான் போகும். ஆனா யார் எப்ப பேசுவாங்கன்னு முன்கூட்டியே தெரியும். தொழிற்சாலைக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம். கன்வேயரில் பெட்டி வந்து நிற்கும் நொடியில் "நிறுத்து" என்ற செய்தி மோட்டாருக்குப் போய்ச் சேரணும். கொஞ்சம் தாமதமா வர்ற சரியான செய்தி, அங்கே தப்பான செய்திதான்.

முட்டினால் கொஞ்சம் பொறு

இதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் வேறொரு கதை. 1973 மே 22 அன்று பாப் மெட்காஃப் எழுதிய ஒரு குறிப்பில் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து செய்தது, ஒரே கேபிளில் பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் அமைப்பு. வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட்.

ஐடியாவின் விதை ஹவாயில் இருந்து வந்தது. அங்கே நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளை ரேடியோ மூலம் இணைத்த அலோஹாநெட், 1971-ல் இயங்க ஆரம்பித்தது. அதன் தத்துவம்: யார் வேணாலும் எப்ப வேணாலும் பேசலாம், ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கிட்டா, ஆளுக்கு ஒரு தற்செயலான நேரம் பொறுத்து மறுபடி பேசலாம். ஈதர்நெட் இதைக் கொஞ்சம் மெருகேற்றியது. பேசும் முன் லைன் காலியா என்று கேள். பேசும்போதே முட்டுகிறதா என்று பார். முட்டினால் நிறுத்திவிட்டுப் பொறு. மறுபடி முட்டினால், பொறுக்கும் நேரத்தின் வரம்பை இரட்டிப்பாக்கு. பின்னால் வந்த 10 மெகாபிட் தரநிலையில், 16 முறை முயன்றும் முடியவில்லை என்றால் அந்தச் செய்தியைக் கைவிட்டுவிடலாம்.

ஆபீசுக்கு இது அருமையான ஏற்பாடு. பிரிண்ட் அரை நொடி தாமதமா வந்தா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. ஆனா வெல்டிங் ரோபோவுக்கு "அதிர்ஷ்டம் இருந்தா உடனே, இல்லேன்னா அப்புறம்"னு சொல்ல முடியுமா? அதனால்தான் 1980-களில் ஆட்டோமேஷன் ஆட்கள் பலருக்கு ஈதர்நெட் மேல் நம்பிக்கை வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் முன்னின்று எம்ஏபி என்ற தொழிற்சாலை நெறிமுறையை உருவாக்கியபோது ஈதர்நெட்டை எடுக்கவில்லை. டோக்கன் பஸ் என்ற முறையை எடுத்தது. கையில் டோக்கன் இருப்பவர் பேசலாம், பேசி முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கணும். ஒருத்தரோட முறை அதிகபட்சம் எவ்வளவு நேரத்தில் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

கணக்கு சரி, விலைதான் கட்டுப்படியாகவில்லை. டோக்கன் பஸ் கருவிகள் விலை அதிகம், செய்பவர்கள் குறைவு. ஈதர்நெட்டோ உலகம் முழுக்க ஆபீஸ்களில் விற்றுத் தீர்ந்து வருஷா வருஷம் விலை இறங்கியது. எம்ஏபி மெல்ல மறைந்தது. இன்னொரு பக்கம், தொழிற்சாலைக்கென்று ஒரே ஒரு ஃபீல்டுபஸ் வேண்டும் என்று ஐஇசி அமைப்பில் பல வருஷம் சண்டை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த ஐஇசி 61158 தரநிலைக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத எட்டு நெறிமுறைகள் இருந்தன. ஒரு பஞ்சாயத்து, எட்டுத் தீர்ப்பு.

ஸ்விட்ச் வந்து மாற்றியது

ஈதர்நெட்டைத் தொழிற்சாலைக்குத் தகுதியாக்கியது புது நெறிமுறை எதுவும் இல்லை. கேபிளை இணைக்கும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

முதலில் எல்லோரும் ஒரே தடித்த கேபிளில் தொங்கினார்கள். 1990-ல் 10பேஸ்-டி தரநிலை வந்தபோது, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி முறுக்குக் கம்பி போட்டு நடுவில் ஒரு பெட்டியில் சேர்க்கும் நட்சத்திர அமைப்பு பரவலானது. ஆனா அந்த ஹப் ஒரு முட்டாள் பெட்டி. ஒரு போர்ட்டில் வந்ததை எல்லா போர்ட்டிலும் கத்தும். அதே 1990-ல் கல்பனா என்ற சிறிய நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சை விற்க ஆரம்பித்தது. விநோத் பரத்வாஜ் அதன் நிறுவனர்களில் ஒருவர். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. ஸ்விட்ச் முகவரியைப் பார்த்து, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். 1997-ல் ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசும் முறையும் தரநிலையானது. இந்த ரெண்டும் சேர்ந்ததும் முட்டலே இல்லை. தற்செயலான காத்திருப்பும் இல்லை. இருபது வருஷமா தொழிற்சாலைக்காரர்கள் சொன்ன ஆட்சேபம், ஒரு பெட்டியை நடுவில் வைத்ததும் காணாமல் போனது.

அப்புறம் கதவு திறந்த மாதிரி எல்லோரும் உள்ளே வந்தார்கள். மோட்பஸ் டிசிபி, ஈதர்நெட்/ஐபி, புரோஃபிநெட், 2003-ல் பெக்காஃப் நிறுவனத்தின் ஈதர்கேட். ஈதர்நெட்/ஐபியில் இருக்கும் ஐபிக்கு விரிவாக்கம் இன்டஸ்ட்ரியல் புரோட்டோகால். நாம நினைக்கிற ஐபி இல்லை. இன்டர்வியூல கேட்டா ஞாபகம் வச்சுக்கோங்க.

வட்டம் என்ற வரமும் சாபமும்

முட்டல் போச்சு, புதுசா ஒண்ணு வந்துச்சு. இங்கே என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லியாகணும்.

இஞ்சினியரிங் முடிச்சதும் நான் நேரா சாஃப்ட்வேருக்குப் போகலை. ஒரு வருஷம் ஆட்டோமேஷன் வேலை. ஒரு தொழிற்சாலையில் பேனல் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு பேட்ச் கேபிள் லேபிள் இல்லாமல் தொங்குது. யாரோ கழற்றிவிட்டு மறந்துட்டாங்கன்னு நினைச்சு, காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டேன். அந்தக் கேபிளோட இன்னொரு முனையும் அதே ஸ்விட்ச்லதான் இருந்துச்சு.

சில நொடிகளில் ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்ன ஆரம்பித்தது. ஆபரேட்டர் ஸ்கிரீன் உறைந்தது. லைன் நின்றது. எங்க சீனியர் அண்ணன் ஓடி வந்தார். கத்தவில்லை. "தம்பி, கடைசியா எதைத் தொட்ட?" என்று மட்டும் கேட்டார். கேபிளைக் காட்டினேன். உருவினார். லைனை மறுபடி ஓட்ட நாற்பது நிமிஷம் ஆனது.

என்ன நடந்ததுன்னா: "எல்லாருக்கும்" என்று அனுப்பப்படும் பிராட்காஸ்ட் செய்தியை ஸ்விட்ச் எல்லா போர்ட்டிலும் அனுப்பும். வட்டம் இருந்தால் அது திரும்பி வரும். மறுபடி எல்லா போர்ட்டிலும் போகும். ஐபி பாக்கெட்டுக்கு இத்தனை தாண்டல் முடிந்தால் செத்துப் போ என்று ஆயுசு எண் உண்டு. ஈதர்நெட் செய்திக்கு அது கிடையாது. சாகாமல் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும்.

இதற்கான மருந்தை 1985-லேயே டெக் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் கண்டுபிடித்துவிட்டார். ஸ்பானிங் ட்ரீ. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டத்தை உண்டாக்கும் இணைப்பை அடைத்து வைக்கும். வேறொரு இணைப்பு அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். நான் செருகிய மலிவான ஸ்விட்சில் அந்த வசதியே கிடையாது, அது வேற விஷயம்.

தொழிற்சாலைக்கு ஸ்பானிங் ட்ரீ போதவில்லை. பழைய ஸ்பானிங் ட்ரீ மாற்றுப் பாதைக்கு மாற 30 முதல் 50 நொடி எடுக்கும். அதற்குள் லைன் நின்றுவிடும். ஆனா வட்டத்தை விடவும் முடியாது. ஏன்னா தொழிற்சாலை என்பது நீளமான இடம். கன்வேயர் ஓரமாக 40 டிரைவ்கள் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் பேனலுக்குத் தனிக் கேபிள் இழுப்பதைவிட, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மாலை கோர்ப்பது சுலபம். அதற்காகவே டிரைவுக்குள்ளேயே ரெண்டு போர்ட் ஸ்விட்ச் வைக்க ஆரம்பித்தார்கள். மாலையில் ஒரு பூ போனால், அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லாம் போச்சு. அதனால் மாலையின் கடைசி முனையையும் ஆரம்பத்தோடு சேர்த்து வட்டமாக்கி, ஒரு மேலாளர் ஸ்விட்ச் அதில் ஓரிடத்தை அடைத்து வைக்கும் ரிங் நெறிமுறைகள் வந்தன. எம்ஆர்பி என்பது 50 கருவி வரை உள்ள வளையத்தில் 200 மில்லி நொடிக்குள் சுதாரித்துக்கொள்ளும். டிஎல்ஆர் அதே 50 கருவிக்குச் சுமார் 3 மில்லி நொடி. பிஆர்பி இன்னும் ஒரு படி மேலே: ஒரே செய்தியை ரெண்டு தனித்தனி நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். ஒன்று செத்தாலும் இழப்பு நேரம் பூஜ்யம்.

ரோடு காலி, டோல்கேட்டில் க்யூ

நம்மை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்கள் தவறாமல் சறுக்கும் இடம் அடுத்து வருது. நமக்கு நெட்வொர்க் என்றாலே மெகாபிட் கணக்கு. தொழிற்சாலையில் எண்ண வேண்டியது பாக்கெட்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு பிஎல்சிக்குக் கீழே 50 ரிமோட் கருவிகள். ஒவ்வொன்றும் 10 மில்லி நொடிக்கு ஒரு முறை தகவல் அனுப்புது, பிஎல்சியும் அதே வேகத்தில் திருப்பி அனுப்புது. ஒரு கருவிக்கு நொடிக்கு 100 வர, 100 போக, மொத்தம் 200. 50 கருவிக்கு 10,000 பாக்கெட். ஒரு பாக்கெட் 100 பைட் என்று வைத்தால் 8 மெகாபிட்தான். 100 மெகாபிட் லைனில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனா பிஎல்சியின் ஈதர்நெட் கார்டு நொடிக்கு 5,000 பாக்கெட்தான் கையாளும் என்றால்? ரோடு காலியா கிடக்கும், டோல்கேட்ல க்யூ நிற்கும். கருவிகள் ஒவ்வொன்றாக "தொடர்பு இல்லை" என்று பிழை காட்டும். நாம கேபிளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

டோல்கேட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிராட்காஸ்ட் வந்தால், தனக்கு வேண்டியதோ இல்லையோ, கருவியின் பிராசசர் அதைத் திறந்து பார்த்தே ஆகணும். டிரைவுக்குள் இருக்கும் பிராசசர் சின்னது. அதுக்கு ஒரே நேரத்தில் மோட்டாரையும் பார்க்கணும், தபாலையும் பிரிக்கணும்.

2006, ஆகஸ்ட் 19

இப்ப அலபாமாவுக்குத் திரும்புவோம். பிரௌன்ஸ் ஃபெர்ரியின் மூன்றாவது உலை. உலைக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் ரெண்டு பெரிய ரீசர்குலேஷன் பம்புகளும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. ஆபரேட்டர்கள் உலையைக் கையால் நிறுத்தினார்கள்.

ரெண்டு பம்ப், ரெண்டு டிரைவ், ரெண்டு கன்ட்ரோலர். ஒன்று நின்றால் கெட்ட நேரம்னு சொல்லலாம். ரெண்டும் சேர்ந்து எப்படி? போய்ப் பார்த்தால் ரெண்டு டிரைவ் கன்ட்ரோலர்களும் பதில் சொல்லாமல் உறைந்திருந்தன. பவரை அணைத்துப் போட்டதும் உயிர் வந்தது. அதே சமயத்தில் இன்னொன்றும் செத்திருந்தது: தண்ணீரைச் சுத்திகரிக்கும் டிமினரலைசர் அமைப்பின் பிஎல்சி. அதுக்கும் பம்புக்கும் வேலையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே சம்பந்தம், எல்லாம் நிலையத்தின் ஒரே ஈதர்நெட் நெட்வொர்க்கில் இருந்தன.

நெட்வொர்க்கில் அளவுக்கு மீறிய டிராஃபிக் வந்ததால் டிரைவ் கன்ட்ரோலர்கள் செயலிழந்தன என்பதுதான் மூல காரணமாகச் சொல்லப்பட்டது. சோதித்துப் பார்த்தபோதும் அதிக டிராஃபிக்கில் அந்த கன்ட்ரோலர்கள் முடங்கின. பிஎல்சி பழுதாகி நெட்வொர்க்கை நிரப்பியதா, இல்லை வேறெங்கிருந்தோ வந்த வெள்ளத்தில் பிஎல்சியும் சேர்ந்து மூழ்கியதா என்பதை விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007 ஏப்ரலில் இதைப் பற்றி மற்ற நிலையங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது.

கவனிங்க. ஹேக்கர் வந்ததாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நெட்வொர்க் பாதுகாப்பு அமைப்புகளின் நெட்வொர்க்கும் இல்லை. அறிவிப்பே அவற்றைப் பாதுகாப்பு சாராத கன்ட்ரோல்கள் என்றுதான் வகைப்படுத்துகிறது. அதனாலேயே யாரும் அதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கவில்லை.

தீர்வு என்ன தெரியுமா? அந்த டிரைவ் கன்ட்ரோலர்களுக்கும் டிமினரலைசர் கன்ட்ரோலருக்கும் முன்னால், உள்ளே வரும் இணைப்பையும் டிராஃபிக்கையும் கட்டுப்படுத்தும் ஃபயர்வால் வைத்தார்கள். ஃபயர்வால்னா நெருப்புத் தடுப்புச் சுவர்தானே? 1975 தீக்குப் பிறகு 1980-ல் வந்த விதிகள் கேபிள்களுக்குச் சொன்னதும் அதேதான்: அசலையும் மாற்றையும் தீத்தடுப்புச் சுவரால் பிரி, அல்லது குறைந்தது 20 அடி தள்ளி வை, நடுவில் தீப்பிடிக்கும் பொருள் இருக்கக் கூடாது, தீயைக் கண்டறிந்து அணைக்கும் ஏற்பாடும் வேண்டும். கேபிளைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட அதே நிலையம்தான், எல்லாப் பெட்டியையும் ஒரே நெட்வொர்க்கில் செருகும்போது அந்தப் பாடத்தை மறந்துபோனது. 20 அடி தள்ளி இருந்தாலும், ஒரே ஸ்விட்சில் இருந்தால் அவை பக்கத்து வீடுதான்.

அப்ப எப்படி வரையறது?

இந்த அடிகளெல்லாம் சேர்ந்துதான் இன்றைய லேஅவுட் பழக்கங்கள். 1990-களில் பர்டூ பல்கலைக்கழகத்தின் தியடோர் வில்லியம்ஸ் தலைமையில் வந்த அடுக்கு மாதிரி: கீழே சென்சார், மேலே கன்ட்ரோலர், அதுக்கும் மேலே ஆபீஸ். பின்னால் ஐஇசி 62443 தரநிலைகள் இதைத் தனித்தனி ஜோன்களாகவும், ஜோன்களுக்கு நடுவே காவல் போட்ட வழிகளாகவும் மாற்றிச் சொன்னது. 1998-ல் தரநிலையான விலான், ஒரே ஸ்விட்சைப் பல ஸ்விட்ச் மாதிரி பிரித்துக் காட்டுகிறது. ஆனா விலான் தனித்தனியாக இருந்தாலும் அவை போவது ஒரே கேபிளில் என்றால், வெட்டுப்பட்டால் ரெண்டும் போகும். வரைபடத்தில் ரெண்டு, தீக்கு ஒண்ணு. மறுபடி அதே கதை.

என் கேபிள் சம்பவம் நடந்த அன்னைக்கு, லைன் ஓட ஆரம்பிச்சதும் சீனியர் அண்ணன் அந்தத் தொழிற்சாலையோட நெட்வொர்க் வரைபடத்தைக் கேட்டார். அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. எட்டு வருஷத்தில் ஆளாளுக்குக் காலி போர்ட்டைப் பார்த்து செருகிக்கொண்டே போயிருக்காங்க. சிசிடிவி கேமராவும் சர்வோ டிரைவும் ஒரே ஸ்விட்சில். அவர் மார்க்கரை எடுத்து பேனல் கதவின் உள்பக்கம் வரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டே கேள்வி கேட்டார். "இது யாரோட பேசியே ஆகணும்?" "இது பைத்தியம் பிடிச்சுக் கத்தினா, யாருக்கெல்லாம் கேட்கும்?"

முதல் கேள்வியை எல்லோரும் கேட்போம். அதுக்குப் பதில் கிடைக்கலேன்னா சிஸ்டமே ஓடாது. ரெண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே பத்து வருஷம் ஓட்டிவிடலாம், எல்லாம் நல்லாவே போகும். பிரௌன்ஸ் ஃபெர்ரியிலும் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் இப்ப கிளவுடில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் டிசைன் மீட்டிங்கில் சர்வீசுகளை அம்புக்குறி போட்டு இணைக்கும்போது அந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். சில பேருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

உங்க ஆபீசிலோ தொழிற்சாலையிலோ லேபிள் இல்லாத கேபிள் ஏதாவது தொங்கினால், தயவுசெஞ்சு செருகாதீங்க. இன்னொரு முனை எங்கே போகுதுன்னு முதல்ல தேடிப் பாருங்க. தேடிப் பார்த்து ஏதாவது சுவாரசியமா கிடைச்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.